லாரி டிரைவர்கள் ஏன் இறக்கத்தில் நியூட்ரலில் போகிறார்கள்? அவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா?

பொறுப்பைவிட இது சம்பளக் கணக்கு. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கம். கியரை நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்பது அவர்கள் நினைப்பு. பல இடங்களில் மிச்சமாகும் டீசல் காசுதான் டிரைவரின் கூடுதல் வருமானம்.

ஆனால் நியூட்ரலில் விட்டால் வண்டியை இழுத்துப் பிடிக்க என்ஜின் இருக்காது. முழு பாரமும் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறி, லைனிங் கருகிய வாடை வரும். அதற்குமேல் மிதித்தாலும் பிடிக்காது. சிலர் என்ஜினையே அணைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம்: பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் நின்றுவிடும், மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும். தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே நடந்த பல விபத்துகளின் கதை இதுதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். (அவர்களிலும் சிலர் நியூட்ரலில் இறங்கியவர்கள்தான்!)

தூக்கம் இன்னொரு பக்கம். 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று வகுத்திருந்தது. டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓட்டுகிறவர் அதைப் பார்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் கருவி அதைப் பதிந்துவிடும்.

ஆகவே முதலாளிகளுக்கு ஒன்று: டீசல் மிச்சத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, அடிபடாமல் ஓடிய மாதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.