உப்புக் காற்றும் சின்ன காரும் இரவுப் படமும்: கேள்வி பதில்

சின்ன கார்களை மாற்றியமைப்பது பற்றியும், இரவில் நகர விளக்குகளோடு அவற்றைப் படம் எடுப்பது பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பரமக்குடியிலிருந்து துபாய் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ராமநாதபுரத்தில் பட்டறை நடத்துபவன் என்பதால் எல்லாப் பதிலும் நம் கரையோரத்தை மனதில் வைத்துத்தான் வரும்.

பரமக்குடியிலிருந்து: அண்ணே, 2019 ஸ்விஃப்ட் வாங்கியிருக்கேன். கையில ஐம்பதாயிரம் இருக்கு. முதல்ல லோயரிங் ஸ்பிரிங் போடவா, எக்ஸாஸ்ட் மாத்தவா?

இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் நல்ல டயர், புது பிரேக் பேட், புது பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூடானால் சீக்கிரம் கொதிக்கும், பெடல் உள்ளே போய்விடும். கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். காசு மிஞ்சினால் ஷாக் அப்சார்பரையும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். பழைய வண்டியில் அவை மாறினாலே ஓட்டுவது வேறு மாதிரி இருக்கும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர்தான். அதிலும் 40 குறைத்துவிட்டு நான்கு பேரை ஏற்றினால் நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும்.

தொண்டியிலிருந்து: என் ஸ்விஃப்ட்டில் 14 இன்ச் இரும்பு ரிம் இருக்கிறது. 16 இன்ச் அலாய் போட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

அளவைச் சரியாக எடுத்தால் காட்டாது. உங்கள் 165/80 R14 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். அதே காரின் மேல் மாடலில் வரும் 185/65 R15 ஏறக்குறைய 621. நீங்கள் 195/55 R16 எடுத்தால் அதுவும் 621. ரிம் பெரிதாக ஆக டயரின் பக்கச் சுவர் குறைகிறது, மொத்த விட்டம் அப்படியே நிற்கிறது. ஆனால் பக்கச் சுவர் குறைந்தால் குழியில் ரிம் நெளியும் வாய்ப்பு அதிகம். நம் ரோட்டுக்கு 15 போதும் என்பது என் கருத்து. போல்ட் அளவு 4x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட். ரிம்மின் நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். கடையில் இருக்கும் ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். பளபளக்கும் குரோம் ரிம் மட்டும் வேண்டாம். உப்புக் காற்றில் உரிந்துவிடும். பவுடர் கோட்டிங் தாங்கும்.

மண்டபத்திலிருந்து: வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். அடியில் துரு ஏறுகிறது. வாராவாரம் வீட்டு போர் தண்ணீரில் கழுவத்தான் செய்கிறேன். அப்புறமும் ஏன்?

போர் தண்ணீர்தான் காரணம். மண்டபம் பக்கம் பெரும்பாலான போர்களில் வருவது உப்புத் தண்ணீர். காற்று படிய வைத்த உப்பின் மேல் நீங்கள் இன்னொரு படிவு உப்பைச் சேர்க்கிறீர்கள். சிலர் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுகிறார்கள், அது இன்னும் மோசம். குடிநீரில் கலக்காமல் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் நான்கு குடம் ஒதுக்குங்கள். மேலே பளபளப்பாக்குவதைவிட அடியில், சக்கர வளைவுக்குள், கதவின் கீழ் விளிம்பில் அந்தத் தண்ணீர் பட வேண்டும்.

கதவுக்கும் படிக்கட்டுப் பகுதிக்கும் அடியில் சின்ன வடிகால் ஓட்டைகள் உண்டு. மணலும் தூசியும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். குச்சியால் குத்தித் திறந்து விடுங்கள். கறுப்பு ரப்பர் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் அதற்கடியில் மாட்டிக்கொண்டு தகட்டைத் தின்னும். முதலில் சுரண்டி, மிச்சத் துருவைச் செயலிழக்க வைக்கும் துருமாற்றி ரசாயனத்தை அடித்து, பிரைமர் போட்டு, அதற்குப் பிறகே கோட்டிங். உட்புறக் குழிவுகளுக்கு மெழுகு ஸ்பிரே. பேட்டரி எர்த் வயரின் முனையில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். கடலோர வண்டிகளில் புரியாத மின்கோளாறுகள் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கரையோரக் காரில் செய்ய வேண்டிய முதல் மாடிஃபிகேஷன் என்றே இதைச் சொல்வேன்.

முதுகுளத்தூரிலிருந்து: எதை மாற்றினால் ஆர்டிஓ பிடிப்பார்கள்?

ஆர்சியில் இருப்பதற்கும் வண்டிக்கும் பொருந்தாத எதுவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி முறைகேடான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. நிறம் மாற்றினால் ஆர்சியிலும் மாற்றுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி விட்டு ஊரை எழுப்பும் எக்ஸாஸ்ட் எனக்குப் பிடிக்காது, என் பட்டறையில் செய்வதும் இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டோக்கியோ, கோலாலம்பூர் மாதிரி விளக்குகள் பின்னால் மின்ன கார் படம் எடுக்க ஆசை. நம்ம ஊரில் உயரமான கட்டிடமே இல்லையே அண்ணா?

கட்டிடம் இல்லாவிட்டால் என்னம்மா, பாலம் இருக்கிறது. பாம்பன் கரையில் நின்று மேற்கே மண்டபத்தைப் பாருங்கள். சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து வானம் கருநீலமாகும், அடிவானத்தில் மட்டும் செம்மை மிச்சமிருக்கும். அந்த வெளிச்சத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதிக் கோபுரங்களும் கோடு போட்டது போல் தெரியும். 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே எழுவது. ஊருக்குள் 323 மீட்டர் டிவி டவர் வேறு இருக்கிறது. இத்தனை உயரக் கோடு எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கிறது?

கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் பத்து வினாடி என்று தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இரண்டு வினாடி டைமர் போட்டால் விரல் அழுத்தும் நடுக்கம் படத்தில் வராது. ஷட்டர் திறந்திருக்கும்போது ஒருவர் சின்ன டார்ச்சுடன் காரின் பக்கவாட்டில் நடந்து வெளிச்சத்தைத் தடவிக்கொண்டே போனால் பாடியின் வளைவுகள் எழும்பி வரும். டார்ச் கேமராவைப் பார்க்கக் கூடாது, நடப்பவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தால் நல்லது. கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ட்ரைபாடின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். லென்ஸில் உப்புத் துளி காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும்.

பாலத்தின் மேல் காரை நிறுத்தி எடுக்கவே வேண்டாம். லாரி போனால் பாலம் அதிரும், படமும் ஆடும். அதைவிடப் பின்னால் வருபவருக்கு ஆபத்து.

துபாயிலிருந்து ஒரு கீழக்கரைக்காரர்: காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படியும் கூப்பிடுவோம்), என் சின்ன காரையும் புர்ஜ் கலீஃபாவையும் ஒரே படத்தில் எடுத்தால் கட்டிடம் குச்சி மாதிரி வருகிறது.

நீங்கள் காருக்குப் பக்கத்தில் நின்று வைட் லென்ஸில் எடுக்கிறீர்கள். அப்படி எடுத்தால் கார் பெரிதாகும், 828 மீட்டர் கோபுரமும் சுருங்கிவிடும். பின்னால் தள்ளிப் போய் 85 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸ் போடுங்கள். தூரம் கூடக் கூடக் கட்டிடம் காருக்குப் பின்னால் எழுந்து நிற்கும். க்ரீக் ஹார்பர் பக்கம் போனால் டவுன்டவுன் மேற்கே இருக்கும், பாம்பனில் சொன்ன அதே அந்திக் கணக்கு அங்கேயும் பொருந்தும். கோடையில் ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் பனிக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து அப்புறம் தொடங்குங்கள்.

சாயல்குடியிலிருந்து: மலேசியாவில் மச்சான் வைத்திருக்கும் மைவி பாடி கிட்டை ஸ்விஃப்ட்டுக்குப் போடலாமா?

பொருந்தாது. அது பெரோடுவா கார், பம்பரின் அளவே வேறு.

ஏர்வாடியிலிருந்து: தனுஷ்கோடி மணலில் காரை இறக்கி இரவில் படம் எடுக்க ஆசை.

இறக்காதீர்கள். மாலையானால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். ஆண்டின் தொடக்க மாதங்களில் அந்த மணலில் ஆமைகள் முட்டையிடும். குஞ்சுகள் வெளிச்சத்தை வைத்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கும், ஹெட்லைட் எரிந்தால் கரைப்பக்கம் திரும்பிச் செத்துப்போகும். தாழ்த்திய காரின் அடி மணலில் உட்கார்ந்துவிட்டால் இழுத்தெடுப்பதும் கஷ்டம். 2017-இல் திறந்த அரிச்சல்முனை ரோட்டின் ஓரத்திலிருந்து விடிகாலையில் எடுங்கள். ரோடும் கடலும் ஒரே படத்தில் கிடைக்கும்.

திருப்புல்லாணியிலிருந்து: ஹெட்லைட் போதவில்லை. 100 வாட் பல்பு போடலாமா?

உங்கள் ஹோல்டரும் வயரும் 60/55 வாட் எச்4 பல்புக்கானவை. 100 போட்டால் ஹோல்டர் உருகும். ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்த தனி வயரிங் போடுங்கள். பேட்டரியிலிருந்து முழு வோல்டேஜ் போவதால் அதே பல்பே பளிச்சென்று எரியும். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் மாற்றுங்கள், லைட்டின் உயரத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரி செய்யுங்கள். இதெல்லாம் முடிந்தும் போதவில்லை என்றால் வண்டியைக் கொண்டு வாருங்கள், நேரில் பார்ப்போம்.