36 கோர் ரவுட்டர் வாங்கியும் இரவானால் இணையம் இழுபடுகிறதே, ஏன்? 72 கோர் வாங்கினால் சரிவருமா?

முற்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

கேள்வியைப் பார்த்தால் உங்கள் நிலைமை எனக்குப் பழக்கமான நிலைமைதான். சில நூறு வீடுகள், எல்லோரும் பிபிபிஓஇ-யில், அதாவது பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, உள்ளே வருகிறார்கள், பகலில் ஒரு முறைப்பாடும் இருக்காது. இரவு எட்டு மணிக்கு மேல் போன் அடிக்கத் தொடங்கும். ரவுட்டரைக் கவனிக்கிற மென்பொருளான வின்பாக்ஸைத் திறந்து பார்ப்பீர்கள், சிபியு பத்து சதவீதம்கூட இல்லை. பெட்டி சும்மா இருக்கிறது, சனம் ஏசுகிறது. விற்பனையாளரைக் கேட்டால் "லோடு கூடிவிட்டது, பெரியதாகப் போடுங்கள்" என்றிருப்பார்.

நான் இருப்பது கிளிநொச்சி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போய் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் வீடு, முன் அறைதான் அலுவலகம். தமிழ்நாட்டில் உள்ள சின்னச் சின்ன இணையச் சேவை நிறுவனங்களின் ரவுட்டர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்வது என் தொழில். அவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், கேபிள் டிவியிலிருந்து இணையத்துக்கு வந்தவர். அவரிடம் இருந்தது மைக்ரோடிக் சிசிஆர்1036, உங்களைப் போலவே 36 கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்கிற 36 அலகு. ஒரு நாள் இரவு போன் எடுத்தார்.

"தம்பி, பாக்ஸ் ஒன்பது பர்சென்ட்லதான் ஓடுது. அப்புறம் ஏன் ஜனங்க திட்டுறாங்க? டீலர் 72 கோர் எடுங்கன்றாரு. எடுத்துரவா?"

"அண்ணா, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ" என்றேன்.

வின்பாக்ஸின் ரிசோர்ஸஸ் ஜன்னலில் காட்டுவது 36 கோர்களின் சராசரி. ஒரு கோர் நூற்றுக்கு நூறில் நின்று மூச்சுவாங்கினாலும் அந்தச் சராசரியில் அது சேர்ப்பது 3 சதவீதம்கூட வராது. அதே ஜன்னலில் உள்ள சிபியு பொத்தானை அழுத்தி, 36 வரியையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். பார்த்தேன். 4, 7, 5, 8 என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது, நடுவில் ஒரு வரி மட்டும் 100. ஒரு கணம் 97 ஆகும், திரும்ப 100. டூல்ஸில் ப்ரொஃபைலைத் திறந்து அந்தக் கோரை மட்டும் எடுத்தால், ‘கியூயிங்’ என்ற வரிக்கு எதிரே முழுக் கணக்கும் நிற்கிறது.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வேகத்தையும் கட்டுப்படுத்த ஒரு சிம்பிள் கியூ, அதாவது வேகத்துக்கு எல்லை போடுகிற வரிசை, இருந்தது. அது வழமைதான். ஆனால் எனக்கு முதல் அங்கே வேலை பார்த்தவர், மேல் நிறுவனத்திடம் வாங்குகிற மொத்த பேண்ட்வித்தைத் தாண்டக்கூடாது என்று எல்லாக் கியூவையும் ஒரே பேரன்ட் கியூவின் (தாய் வரிசையின்) கீழ் கட்டியிருந்தார். தாளில் பார்த்தால் அழகான வேலை. ஆனால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு ஒரே இடத்தில் இருப்பதால், எந்த வீட்டுப் பொதியாக (இணையத்தில் தரவு போவது சின்னச் சின்னப் பொதிகளாகத்தான்) இருந்தாலும் அங்கே வந்து வரிசையில் நின்றுதான் போகவேண்டும். அருவி வெட்ட 36 பேரை வயலில் இறக்கிவிட்டு அரிவாள் ஒன்றைக் கொடுத்தது போல. மேல்மட்டக் கியூக்கள் பலவாக இருந்தால்தான் ரவுட்டரால் அந்த வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும்.

இனி உங்கள் 72 கோருக்கு வருவோம். சிசிஆர்1036 இல் ஒரு கோர் 1.2 கிகாஹெர்ட்ஸ். சிசிஆர்1072 இல் கோர் இரண்டு மடங்கு, ஆனால் ஒவ்வொன்றும் 1 கிகாஹெர்ட்ஸ். நெரிசல் ஒரே கோரில் என்றால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் அந்தக் கோர் பழையதைவிட மெதுவாகத்தான் ஓடும். அண்ணா அதை வாங்கியிருந்தால் ஏச்சு கூடியிருக்கும். சராசரி மட்டும் இன்னும் குறைந்து, பார்க்க வடிவாக இருந்திருக்கும்.

இதற்குக் கொஞ்சம் முதல் டீலரின் ஆள் ஒருவர் ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சிபியு சடாரென்று விழுந்ததாம், எல்லோருக்கும் சந்தோஷம். ஃபாஸ்ட்டிராக்கில் போகிற பொதி சிம்பிள் கியூவைத் தொடாமலே போய்விடும் என்பது, 20 எம்பிபிஎஸ் பிளான்காரர் வீட்டில் 90 ஓடியபோதுதான் தெரிந்திருக்கிறது. அதை ஒருத்தரும் போன் பண்ணிச் சொல்லவில்லை என்பது அண்ணாவின் பெரிய மனக்குறை.

பேரன்ட்டை எடுத்துவிட்டோம். மொத்த அளவை மேல் நிறுவனம் தன் பக்கத்திலேயே கட்டுப்படுத்துகிறது, நாங்களும் இன்னொருமுறை செய்யத் தேவையில்லை. அடுத்த இரவு எல்லா வரிகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. சராசரி கூடியது, ஏச்சு நின்றது.

சரி, இப்போது சிஸ்கோ, ஜூனிப்பர் போன்ற பெரிய ரவுட்டர் நிறுவனங்களின் ஆட்கள் வந்து "இதெல்லாம் ஒரு ரவுட்டரா, வன்பொருளில் பொதி கடத்துகிற பெட்டி வாங்கு" என்பீர்கள். வாங்கலாம், காசை நீங்கள் அனுப்புங்கள். பல கோர் என்பதே விளையாட்டுச் சாமான் என்றும் நினைக்கவேண்டாம். சிஸ்கோவே 2008 இல் ஏஎஸ்ஆர் 1000 வரிசைக்குப் போட்ட குவாண்டம்ஃப்ளோ சிப்பில் 40 கோர், ஒவ்வொன்றிலும் 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) இருந்தது. அங்கே பொதிகளைப் பங்கிட்டு, வரிசை குலையாமல் வெளியே விடுவதை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். எங்களுடைய பெட்டியில் அது உள்ளே ஓடுகிற லினக்ஸ் மென்பொருளின் பாடு, அதைக் கட்டமைக்கிறவரின் பாடு.

"விளம்பரத் தாளில் இத்தனை கிகாபிட் என்று போட்டிருக்கிறதே" என்றும் ஒருவர் வருவார். ஒரு கிகாபிட்டைப் பெரிய பொதிகளால் நிரப்பினால் விநாடிக்குச் சுமார் 81 ஆயிரம் பொதி. 64 பைட் பொதிகளால் நிரப்பினால் 14 இலட்சத்து 88 ஆயிரம். ரவுட்டருக்குச் செலவு பொதிக் கணக்கில்தான், கிகாபிட் கணக்கில் இல்லை. தாளில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அளவுப் பொதி, எத்தனை ஃபயர்வால் விதி, எத்தனை கியூ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

இதெல்லாம் அண்ணா டீலரிடம் சொன்னபோது, "சிலோன்ல ஏதோ காட்டுக்குள்ள இருந்து ஒருத்தன் சொல்றத நம்புறீங்களா" என்றாராம். காடு இருக்கிறதுதான், மறுக்கவில்லை. அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்கிறது. அவரை விடுங்கள், தூரத்தில் இருப்பவர். இங்கே வீட்டுக்குச் சோலாரும் பற்றறியும் போட, எங்கள் டவுனில் ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாதாமாதம் வெளிநாட்டுக் காசு அதே வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அந்த உத்தியோகத்தர் கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சம்பளச் சீட்டு இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்றதும் அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டி வரச் சொன்னார். நாட்டுக்கு டொலர் கொண்டு வாருங்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கதிரையில் ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேரன்ட் கியூ இல்லாமலும் ஒரு கோர் மட்டும் 100 இல் நின்றால் டனலை, அதாவது ஓர் இணைப்புக்குள் இன்னொன்றைப் பொதிந்து அனுப்புகிற வழியை, பாருங்கள். தூரத்து ஊரின் டிராஃபிக் முழுவதையும் மைக்ரோடிக்கின் இஓஐபி என்ற ஒரே டனலில் கொண்டுவந்தால், வெளியிலிருந்து பார்க்கிற ரவுட்டருக்கு அது ஒரே ஒரு ஓட்டம். பொதிகள் முன்பின் மாறக்கூடாது என்பதால் ஓர் ஓட்டத்தை ஒரு கோருக்குத்தான் கொடுக்கும். டனலைக் கைவிட்டு அந்த ஊரை விலானில் (ஒரே கம்பியில் பிரித்து ஓட்டுகிற தனி வலையில்) கொண்டுவர வழியிருந்தால் கொண்டுவாருங்கள்.

பிஜிபி முழு அட்டவணை, அதாவது உலக இணையத்தின் எல்லாப் பாதைகளின் பட்டியல், எடுக்கிறீர்களா? ஐபிவி4 இல் மட்டும் 9 இலட்சத்துக்கு மேல் பாதைகள். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 6 இல் அந்த வேலை முழுவதும் ஒரு கோரின் தலையில். 2021 மார்கழியில் வந்த 7.1 இல்தான் அதைப் பல கோர்களுக்குப் பிரித்தார்கள். ஒரே ஒரு மேல் இணைப்பு வைத்திருக்கிறவருக்கு முழு அட்டவணை எதற்கு? எல்லாவற்றையும் மேலே அனுப்பு என்கிற டிஃபால்ட் ரூட் ஒன்று காணும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எல்லா வரியும் 80, 90 என்று நின்றால் உண்மையாகவே பெட்டி போதாது. அப்போதும் 72 வேண்டாம். அந்த இரண்டு மாடலிலும் உள்ள டைலெரா சிப்புக்கான ஆதரவை லினக்ஸ் 2018 இலேயே எடுத்துவிட்டது, இப்போது மைக்ரோடிக்தான் தனியாக இழுத்துக்கொண்டு போகிறது. அதே நிறுவனத்தின் சிசிஆர்2116 இல் 16 கோர்தான், ஆனால் ஆர்ம் கோர், ஒவ்வொன்றும் 2 கிகாஹெர்ட்ஸ். 16 என்றதும் டீலர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வாங்குவதற்கு முதல் கோர் வாரியான படத்தை எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு எடுத்ததாக இருக்கவேண்டும். பகல் பதினொரு மணிப் படத்தை அனுப்பிவிட்டு "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று கேட்காதீர்கள்.