ஏரிக் கணக்கு எழுதும் மகளுக்கு எந்தப் பட்டப்படிப்பு?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்த மகளுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 161 வந்திருப்பதால், கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்காது என்று முடிவு செய்து, உங்கள் மைத்துனர் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி வைத்திருக்கிறார். பாடம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். நான்கு ஆண்டுகளுக்கு 14 லட்சம் ரூபாய் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் பத்திரம் வங்கிக்குப் போய்விடும். வைக்காதீர்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் மகளைப் பற்றி ஒரு குறை சொல்லியிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்திலும், குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பை ஒரு நீள நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து அணைகளின் கணக்கையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். 2018இல் குழாய்களை மூடும் நிலைக்குப் போன கேப் டவுனையும், 2019இல் ஏரிகள் வறண்ட சென்னையையும் எவரும் சொல்லாமல் ஒரே பக்கத்தில் கொண்டுவந்த பிள்ளையை, எந்தப் பாடம் பிடிக்கும் என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை. அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அப்படியானால் தரவு அறிவியல்தானே பொருத்தம் என்று மைத்துனர் கேட்பார். மகளுக்கு வேண்டியது, எண் எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டு வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று விசாரிக்கும் பயிற்சி. அதற்குரிய இடம் பி.எஸ்சி. புள்ளியியல், அதன்பின் முதுநிலையில் மக்கள்தொகையியல், அதாவது பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஆராயும் படிப்பு. மருத்துவம், பொறியியல், பி.காம். என்று சுற்றிவரும் நம் வீடுகளில் இந்த இணைப்பை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுவார் என்பதைக் காட்டும் மொத்தக் கருவள விகிதம், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1.8. மாதிரிப் பதிவு முறை என்ற மற்றோர் அரசுக் கணக்கில் அதுவே 2020ஆம் ஆண்டுக்கு 1.4. இரண்டும் ஒன்றிய அரசின் எண்கள்தான். முதலாவது, பெண்களை நேரில் கேட்டு, கணக்கெடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் பிறப்புகளைத் தொகுக்கிறது. இரண்டாவது, தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. இதனால் எவ்வளவு வேறுபாடு வரலாம், பெண்கள் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் காலத்தில் இந்த விகிதம் தற்காலிகமாக எப்படித் தாழ்ந்து தெரியும் என்பதையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே மக்கள்தொகையியலாளர். எத்தனை பள்ளிகள் வேண்டும், எத்தனை முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும், சென்னைக்கு எவ்வளவு குடிநீர் வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் கடைசியில் அவருடைய மேசைக்குத்தான் வருகின்றன.

உலக அளவிலும் வேலை இதே வகைதான். 2023இல் இந்தியாவின் மக்கள்தொகை சீனாவைக் கடந்தது என்று ஐ.நா. மதிப்பிட்டபோது, இந்தியாவில் கடைசியாகத் தலை எண்ணி முடித்தது 2011இல். நடுவில் உள்ள ஆண்டுகளை, ஒவ்வொரு வயதுப் பிரிவையும் தனித்தனியே முன்னகர்த்தி, பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, இடம்பெயர்ந்தோரைச் சரிசெய்து கணக்கிட்டார்கள். சுற்றுச்சூழல் இதனுடன் இயல்பாக வந்து சேரும். 1972இல் தொடங்கிய லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிய கதையை உங்கள் மகள் வீட்டிலிருந்தே அவற்றில் பார்க்கலாம். அங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் மீண்டும் மக்கள்தொகையியலுக்கே வந்துவிடுவாள்.

சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் துறை உண்டு. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதுநிலைக்கு மும்பை தேவனாரில் 1956இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்ததும் அதுவே. மும்பை தூரம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதுநிலைப் புள்ளியியல் படிக்கலாம். புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் இருந்தால், 21 வயதிலிருந்து இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வையும் எழுதலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

சாதகமில்லாததையும் சொல்ல வேண்டும். ஆய்வு நிறுவனங்களில் முதல் சம்பளம் பெரிய மென்பொருள் நிறுவனச் சம்பளத்தை விடக் குறைவாகவே இருக்கும், நிலையான வேலைக்குப் பெரும்பாலும் முதுநிலை வேண்டும், பி.எஸ்சி. முதலாண்டுக் கணிதம் பிளஸ் டூவை விடக் கடினம். ஆனால் 14 லட்சம் கடனோடு வேலை தேடுபவர் முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாக வேண்டும். கடனில்லாதவருக்கு இரண்டு ஆண்டு முதுநிலை படிக்கப் பொறுமை இருக்கும். மைத்துனர் ஓ.எம்.ஆர். நிறுவனத்தில் நல்ல நிலையில் இருப்பதும், அவருக்கு அக்கறை இருப்பதும் உண்மைதான். தாய்மாமன் சீர் செய்யட்டும். மாதத் தவணையை அவர் கட்டப்போவதில்லை, நான்கு ஆண்டு வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

'ஆறே மாதத்தில் தரவு வல்லுநர்' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்கும் இப்போது ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். ஆர் என்ற மென்பொருளும், வரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ்ஸும் இலவசம். குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை, தருமபுரி இரண்டின் அறிக்கைகளையும் எடுத்து, எந்தெந்த எண்கள் விலகி நிற்கின்றன, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அவளுக்கே சலித்துவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், வேறு பாடம் பேசுவோம். சலிக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரி இணைய விண்ணப்பத்தில் புள்ளியியலை முதல் விருப்பமாகப் போடுங்கள். கடைசித் தேதியை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரி கேட்கும் முன்பணத்தை அதுவரை கட்டாதீர்கள். கட்டிவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு.