மலைக்கிராமங்களில் அரிவாள் செல் ஆய்வு: மூப்பர் சம்மதித்தால் போதுமா?

அரிவாள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய். அதை ஆராய, ஊர்த்தலைவரான மூப்பரின் சம்மதம் மட்டும் போதாது. கோவையை அடுத்த ஆனைகட்டிப் பக்கம் இருளர் பதிகளில் (குடியிருப்புகளில்) மூப்பரிடம் முதலில் பேசுவது முறைதான். ஆனால் அது ஊருக்குள் வர அனுமதி மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைப்படி ஒவ்வொருவரின் சம்மதமும் தனித்தனியே வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, ஆய்வுக்குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னிலையில் கைரேகை வாங்க வேண்டும். 7 முதல் 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் ஒப்புதலும் தேவை.

பலரும் சறுக்குவது பரிசோதனையில். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் கரைதிறன் சோதனை, அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நோயாளியா, நோயின்றி மரபணுவை மட்டும் சுமக்கும் 'தாங்கி'யா என்று பிரித்துச் சொல்லாது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இருந்தும் இல்லை எனக் காட்டிவிடும். உறுதிசெய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். அதற்கான ரத்தத்தை ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ குழாயில் எடுத்து 2–8 டிகிரி செல்சியஸில் கோவைக்கு அனுப்புங்கள்; குளிரில் பனிக்கட்டியாக உறைந்தால் அணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும்.

முடிவை மரத்தடிக் கூட்டத்தில் வாசிக்கவே கூடாது. 'தாங்கி' என்ற சொல் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தலாம். தனியாக, எழுத்தில், இருளர் மொழி பேசுபவரை உடன் வைத்துச் சொல்லுங்கள். சத்தியமங்கலம் மலைக்காரர்கள் கரும்பு வெட்டக் கீழே இறங்கும் மாதங்களில் போனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். தேதியை ஊரே குறிக்கட்டும். கூலி நாளில் வரச்சொன்னால் அன்றைய கூலியைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் ஆசைகாட்டிய கணக்காகிவிடும்.