திருப்புதல் நேரம்: உயிரியல் டீச்சரின் பதில்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பிளஸ் டூ பிள்ளைகளுடையவை. மீதி அவர்களைப் பெற்றவர்களுடையவை. சேலத்தில் முப்பத்து நான்கு ஆண்டு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வயிற்றுக்குள் வரைந்துவிட்டேன். மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்து, "அது வெளியில்தானே டீச்சர் நடக்கிறது?" என்றாள். சாக்பீஸும் கையுமாக நின்ற அந்த அரை நிமிடம் இன்றும் மறக்கவில்லை. அன்று முதல் எந்தப் பாடத்தைத் திருப்பினாலும் "எங்கே?" என்பதுதான் என் முதல் கேள்வி. இந்த மாதக் கடிதங்களுக்கும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்தேன்.

படியெடுத்தல், மொழிபெயர்ப்பு இரண்டும் எத்தனை முறை படித்தாலும் குழம்புகின்றன. அப்பா தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் மனம் ஒன்றிப் படிக்கவும் முடியவில்லை.
— பிளஸ் டூ மாணவி, இளம்பிள்ளை

சத்தத்தைத் திட்டாதே கண்ணு, உனக்கு வேண்டிய பதில் அந்தத் தறியில்தான் இருக்கிறது. சேலையின் டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள் அல்லவா? அந்தத் தாள் தறிக்கு வருவதில்லை. வரைந்தவரின் அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்துத் துளையிட்ட அட்டைகள்தான் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறுகின்றன.

தாள் டி.என்.ஏ.; அலமாரி உட்கரு; அட்டை தூது ஆர்.என்.ஏ. தாளைப் பார்த்து அட்டை அடிப்பது படியெடுத்தல். அது உட்கருவுக்குள் நடக்கிறது. அட்டைப்படி சேலை நெய்வது மொழிபெயர்ப்பு. அது வெளியே, உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தில், ரைபோசோம் என்னும் தறியில் நடக்கிறது. நெய்து விழும் சேலைதான் புரதம். கேட்கும் நிறத்து நூலை எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே, அவர்தான் கடத்து ஆர்.என்.ஏ. ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு வகை அமினோ அமிலம்.

டிசைனை எழுதும் எழுத்துகள் நான்கு. அவற்றில் அடினைன், குவானைன், சைட்டோசின் மூன்றும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலும் உண்டு. டி.என்.ஏ.வில் தைமின் இருக்கும் இடத்தில் ஆர்.என்.ஏ.வில் யுராசில். தறி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். நான்கு எழுத்தை மூன்று மூன்றாக அடுக்கினால் 64 சொற்கள். அவற்றில் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களுக்கு. மீதி மூன்றும் 'நிறுத்து' என்பவை. ஏ.யு.ஜி. என்றால் 'ஆரம்பி', அதோடு மெத்தியோனினும் அதுவே.

டி.என்.ஏ.வின் எழுத்து மாறிப்போகும் திடீர்மாற்றத்தையும் இங்கேயே முடித்துக்கொள். ஓர் அட்டையில் துளை தவறினால் அட்டையை மாற்றிவிடலாம். தாளில் ஒரு கட்டம் தவறினால், எத்தனை முறை அட்டை அடித்தாலும் அதே பிழைதான் வரும். அரிவாள் செல் சோகையில் நடப்பது இதுவே. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிவிடுகிறது. குளுட்டாமிக் அமிலம் உட்கார வேண்டிய இடத்தில் வாலின் உட்கார்ந்துவிடுகிறது. ஒரே ஓர் எழுத்துதான். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் சிவப்பணு அரிவாளாக வளைந்துபோகிறது.

ஓர் எச்சரிக்கை. உன் அப்பா அட்டைக் கட்டுகளை வருடக்கணக்கில் வைத்திருப்பார். தூது ஆர்.என்.ஏ.வோ பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சிதைந்துபோகும். ஆகவே தறியை மனதில் வைத்துக்கொள், விடைத்தாளில் எழுதிவிடாதே. திருத்துகிறவருக்குத் தறி தெரியாமல் இருக்கலாம்.

ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி.? அண்ணனின் பழைய கைடில் 38, தோழியின் நோட்டில் 36, ட்யூஷனில் 32. எதை எழுதுவது?
— மாணவர், அஸ்தம்பட்டி

தேர்வில் உன் பாடநூல் சொல்வதை எழுது. அங்கே வீரம் காட்டாதே. ஆனால் ஏன் இத்தனை விடை என்று தெரிந்துகொண்டால், குளுக்கோஸை உடைத்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் காசாக்கும் செல் சுவாசம் முழுவதும் திருப்பியதாகிவிடும்.

சைட்டோபிளாசத்தில் கிளைக்காலிசிஸ் நடந்து நிகரமாக 2 ஏ.டி.பி. கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்கூழில் கிரப்ஸ் சுழற்சி என்னும் பிந்தைய கட்டம் இன்னும் 2 தருகிறது. கையில் வந்த காசு இந்த நான்குதான். மற்றவை எல்லாம் 10 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2 என்ற, ஆற்றலைச் சுமக்கும் சீட்டுகளாக வருகின்றன. அவற்றை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கொடுத்து மாற்ற வேண்டும். தகராறு இந்த மாற்று விலையில்தான்.

பழைய கணக்கில் ஒரு என்.ஏ.டி.எச்.சுக்கு 3, எஃப்.ஏ.டி.எச்.2-க்கு 2. ஆக 30, 4, கையிலிருக்கும் 4, மொத்தம் 38. பிறகு அளந்து பார்த்தவர்கள், ஒரு என்.ஏ.டி.எச். சவ்வைத் தாண்டித் தள்ளுவது சுமார் 10 புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) என்றும், ஓர் ஏ.டி.பி.க்குச் செலவாவது சுமார் 4 என்றும் கண்டார்கள். பத்தை நான்கால் வகுத்தால் 2.5. எஃப்.ஏ.டி.எச்.2-க்கு 1.5. இப்போது 25, 3, 4 கூட்டினால் 32.

36 எங்கிருந்து வந்தது? கிளைக்காலிசிஸில் பிறந்த இரண்டு என்.ஏ.டி.எச். வெளியே நிற்கின்றன. அவை உள்ளே போகச் சில செல்களில் சுங்கம் கட்ட வேண்டும். கட்டினால் மொத்தத்தில் இரண்டு குறையும்: பழைய 38 அப்போது 36, புதிய 32 அப்போது 30. சவ்வைத் தாண்டிய புரோட்டான்கள் திரும்பி வரும் வேகத்தில்தான் ஏ.டி.பி. பிறக்கிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது ஏற்க ஆளில்லை. 1978-இல் அதற்காகவே நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சேர்வராயன் கோயில் வரை வேகமாக நடந்து போய்த் திரும்பினேன். மறுநாள் தொடை வலி தாங்கவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்கிறான் மகன்.
— வாசகர், ஏற்காடு

மகன் படித்திருக்கிறான், பாதி வரை. ஏறும்போது மூச்சு வாங்கித் தொடை எரிந்ததே, அப்போது தசைச் செல்லில், குளுக்கோஸ் உடைந்து வந்த பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது நீங்கள் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்து முடித்த சிறிது நேரத்தில் இரத்தத்தோடு கிளம்பிப்போயிருக்கும். கல்லீரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸ் ஆக்கிவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் தசை நாரில் விழுந்த நுண்ணிய கிழிசல்கள். அவை ஏறியபோது விழுந்ததைவிட, இறங்கும்போது உடம்பைப் பிடித்துப் பிடித்து நிறுத்தியபோது விழுந்ததே அதிகம்.

ஏற்காட்டுக் குளிரில் என் இட்லி மாவு பொங்குவதே இல்லை. அதுவும் சுவாசமா டீச்சர்?
— குடும்பத்தலைவி, ஏற்காடு

அது நொதித்தல். மாவில் இருக்கும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. அதனால் மாவு பொங்குகிறது. நம் தசையில் லாக்டிக் அமிலம் உண்டாகும்போது அந்த வாயு வருவதில்லை. நல்லவேளை, வந்தால் மேலே சொன்ன வாசகரின் தொடை என்ன ஆவது! குளிரில் நொதிகள் சோம்பிவிடும். பாத்திரத்தை அடுப்பங்கரை ஓரம் வையுங்கள்.

ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு அதைத் தானும் பயன்படுத்துமா?
— மாணவி, அம்மாப்பேட்டை

துளியும் கிடையாது. மல்கோவாக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு பழையசோறு மட்டும் உண்கிறவரைப் போல அது. முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. தன் 120 நாள் வாழ்க்கையையும் கிளைக்காலிசிஸை மட்டும் வைத்து ஓட்டிவிடும். உட்கருவும் இல்லை. "பிறகு இரத்தத்தில் எப்படி டி.என்.ஏ. எடுக்கிறார்கள்?" என்று அடுத்த கடிதம் போடாதே. வெள்ளையணுவில் எடுக்கிறார்கள்.

நான் இன்டர்மீடியட் படித்தபோது மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று எழுதினேன். பேத்தி 46 என்கிறாள். இரண்டு எங்கே போயின?
— எண்பதைக் கடந்த வாசகர், சூரமங்கலம்

எங்கும் போகவில்லை ஐயா, எண்ணியவர்கள்தான் தவறினார்கள். 1920-களிலிருந்து உலகமே 48 என்றுதான் எழுதிவந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜியோ, லெவான் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நன்றாகப் பிரித்து எண்ணி, 46 என்று 1956-இல் வெளியிட்டார்கள். உங்கள் ஆசிரியர் அந்நாளைய பாடத்தைச் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார். அந்த நோட்டு இன்னும் பரணில் இருந்தால் பேத்தியிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்தை எனக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்.