வாசகர் கேள்வி பதில்: உள்ளே சுவிட்ச், வெளியே ஜெனரேட்டர்

கேள்வி: எங்கள் டிரெய்லரில் பொருத்தியிருக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர், அதன் மேலேயே உள்ள சுவிட்சை அழுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. டிரெய்லருக்குள் இருக்கும் சுவிட்சை அழுத்தினால் செல்ஃப் எடுப்பதே இல்லை, 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே உள் சுவிட்சால் நிறுத்த முடிகிறது. மழை பெய்த பிறகுதான் இது ஆரம்பித்தது. சுவிட்சையும் பேட்டரியையும் புதிதாக மாற்றிவிட்டோம். இப்போது கன்ட்ரோல் போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். போர்டைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

முதலில் அந்த உள் சுவிட்ச் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். செல்ஃப் மோட்டார் சுழலும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரண்ட் உங்கள் உள் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. அது பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக நேரே ஜெனரேட்டருக்குப் போகிறது. சுவிட்சுக்கு வரும் மெல்லிய வயர்கள் சேதி சொல்பவை மட்டுமே. பெரும்பாலான டிரெய்லர் ஜெனரேட்டர்களில் ஸ்டார்ட்டுக்கு ஒரு வயர், ஸ்டாப்புக்கு ஒரு வயர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நெகட்டிவ், விளக்குக்கு ஒன்று என்று நாலு வயர் வரும். ஸ்டார்ட் பக்கம் அழுத்தினால் ஸ்டார்ட் வயர் நெகட்டிவோடு சேரும், ஸ்டாப் பக்கம் அழுத்தினால் ஸ்டாப் வயர் சேரும். வேலை அவ்வளவுதான்.

இனி உங்கள் அறிகுறிகளைப் பாருங்கள். ஜெனரேட்டர் மேலுள்ள சுவிட்சில் செல்ஃப் எடுக்கிறது என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப், போர்டு எல்லாமே சரி. பல மாடல்களில் மேல் சுவிட்சும் உள் சுவிட்சும் போர்டில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. உள் சுவிட்சால் நிறுத்த முடிகிறது என்றால் பொது நெகட்டிவும் சரி. சுவிட்சும் புதிது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வயர்: ஸ்டார்ட் வயர். அது எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது வயர்களை இணைக்கும் கப்லருக்குள் அந்த வயரின் உலோக முள் ('பின்') பச்சை பிடித்திருக்கிறது. மழைக்குப் பிறகு ஆரம்பித்ததால் என் சந்தேகம் கப்லர் மீதுதான். டிரெய்லருக்கு அடியில் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே அங்கேதான் போய்ச் சேரும்.

இதை உறுதி செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு மல்டிமீட்டர் போதும். ஜெனரேட்டர் பக்கத்தில், உள் சுவிட்சின் வயர்கள் வந்து சேரும் ரிமோட் கப்லரைக் கழற்றுங்கள். உள்ளே சுவிட்சைக் கழற்றி, ஸ்டார்ட் வயரையும் நெகட்டிவ் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி வையுங்கள். பிறகு கீழே வந்து, வயர் பக்கத்துக் கப்லரில் அதே இரண்டு பின்களுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பத்து மீட்டர் வயரானாலும் 1 ஓமுக்குள் வரவேண்டும். ஐம்பது, நூறு என்று காட்டினால் பின் துரு பிடித்திருக்கிறது. எண் எதுவும் வராமல் 'OL' என்று நின்றால் வயர் அறுந்திருக்கிறது. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவரை வயரை இடம் இடமாக ஆட்டச் சொல்லுங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. தரையைத் துளைத்து வயர் இறங்கும் இடம், சேசிஸ் விளிம்பில் வளையும் இடம், ஜெனரேட்டரை வெளியே இழுக்கும் தட்டு இருந்தால் அதோடு சேர்ந்து அசையும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எலி கடித்த இடமும் இருக்கலாம்.

அப்புறம் முறுக்கிய வயர்களைப் பிரித்துவிட்டு அதே இரண்டு பின்களில் மறுபடி பாருங்கள். இப்போது மீட்டர் எண் எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது எண் காட்டினால் வயர்கள் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏன் விடக் கூடாது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு புது வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, சுவிட்சின் ஸ்டார்ட் முனைக்கும் ஜெனரேட்டரின் ஸ்டார்ட் பின்னுக்கும் தற்காலிகமாகக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் தீர்ந்தது. ஒன்றே ஒன்று: எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பின்னில் பேட்டரியின் பாசிட்டிவைத் தொட்டுப் பார்க்காதீர்கள். நெகட்டிவை எதிர்பார்க்கும் போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால், இன்றுவரை நன்றாக இருந்த அந்தப் போர்டு அன்றைக்குத்தான் போகும். பாசிட்டிவ் சிக்னலில் வேலை செய்யும் மாடல்களும் உண்டு. அதனால் கையேட்டில் உள்ள வயரிங் படத்தைப் பார்க்காமல் எந்தப் பின்னிலும் கை வைக்க வேண்டாம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஜெனரேட்டர் செய்தவர் ஒரு நிறம் போட்டிருப்பார், டிரெய்லர் கட்டியவர் வேறு நிறத்தில் நீட்டியிருப்பார்.

சரி செய்யும்போது வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள். வண்டிக்கு அடியில் அது நிற்காது. உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் இணைப்பைப் போட்டு, அழுத்தி, சூடு காட்டி மூடுங்கள்.

கேள்வி: டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது சில சமயம் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம். இன்றைக்கே ரிமோட் கப்லரைக் கழற்றி வையுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நெகட்டிவோடு சேர்ந்தால் ஸ்டார்ட் என்றேன் அல்லவா? டிரெய்லரின் சேசிஸ் முழுவதும் பெரும்பாலும் நெகட்டிவ்தான். ஸ்டார்ட் வயரின் தோல் உரிந்து செம்பு சேசிஸில் பட்டால், யாரோ உள்ளே சுவிட்சை அழுத்தியதாகவே போர்டு நினைக்கும். ரோட்டில் குலுங்கும்போது பட்டுப் பட்டு விலகுவதால்தான் 'சில சமயம்'. இதே போல ஸ்டாப் வயர் உரிந்து பட்டால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவே ஆகாது, அல்லது ஓடும்போது சொல்லாமல் நிற்கும். அப்படி நிற்பதைப் பெட்ரோல் பிரச்சினை என்று நினைத்து கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். ஆனால் அதில் உயிருக்கு ஆபத்து இல்லை. உங்களுடையதில் இருக்கிறது. மூடிய கொட்டகையில் நிறுத்திய டிரெய்லரில் ராத்திரி ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழாமலே போகலாம். டிரெய்லருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அதன் ஆயுள் முடிந்துவிட்டதா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள்.

பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கப்லர் இரண்டு முனையிலும் பிரிந்திருக்க, ஸ்டார்ட் வயருக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டரை வைத்து வயரை ஆட்டுங்கள். மீட்டர் பீப் கொடுக்கும் இடத்தில் உரிந்த வயர் கிடைக்கும். புது வயரை ரப்பர் வளையத்தின் வழியாக விட்டு, இடையிடையே சேசிஸோடு கிளிப் போடுங்கள்.

கேள்வி: உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் லேசாக முனகுகிறது. ரிமோட் வயரை முழுதாக மாற்றலாமா?

பதில்: முனகுகிறது என்றால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது, ரிமோட் வயருக்கு வேலை இல்லை. ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். பேட்டரியில் வோல்ட் நன்றாக நின்றும் முனகினால், அழுத்திக்கொண்டே பேட்டரி நெகட்டிவுக்கும் ஜெனரேட்டர் உடம்புக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கேபிளின் முனையில் உள்ள லக்கைக் கழற்றி, பெயின்டும் துருவும் போக உரசி, இறுக்கிப் போடுங்கள். பாசிட்டிவ் கேபிளையும் இதே மாதிரி சோதியுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டர் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது. உள் சுவிட்சின் விளக்கு மட்டும் எரியவில்லை.

பதில்: விளக்குக்குத் தனி வயர். ஜெனரேட்டர் ஓடும்போது அதில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் பல்பு போயிருக்கிறது, வராவிட்டால் அந்த வயரையும் பின்னையும் தேடுங்கள். ஓட்டத்துக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆனாலும் சரி செய்துவிடுங்கள். ஜெனரேட்டர் ஓடுகிறதா இல்லையா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.