பாம்பைத் திட்டியது போதும்: வாசகர் கேள்வி பதில்

டாக்டர் என்ற காலப் பயணி தோழர்களோடு கிரகம் கிரகமாகச் சுற்றும் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அந்தப் பழைய தொடரில் வந்த 'கிண்டா' கதையைக் காலனி ஆதிக்கத்தைக் கிண்டல் செய்யும் கிளாசிக் என்று புகழ்ந்து சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கொண்டாட்டம். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982 பிப்ரவரியில் பிபிசியில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பானது. தேவ லோகா என்கிற பசுமையான கிரகத்தில் குடியேறலாமா என்று பார்க்க ஒரு ஆய்வுக் குழு வந்து முகாம் போட்டிருக்கிறது, ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். காட்டில் இருப்பவர்கள் கிண்டா மக்கள், வாய் திறக்காமல் மனசாலேயே பேசிக்கொள்வார்கள். அப்புறம், தூங்குகிறவர்களின் கனவு வழியாக உள்ளே புகும் மாரா என்ற தீய சக்தி. கடைசிப் பகுதியில் அது ராட்சதப் பாம்பாக எழும்புகிறது. ரகளையெல்லாம் அந்தப் பாம்பால்தான்.

கேள்வி: மாராவைப் பார்த்து என் பையன் வயிறு வலிக்கச் சிரித்தான். இதையா கிளாசிக் என்கிறீர்கள்? (திருப்பூர் வாசகர்)

சிரித்ததில் தப்பே இல்லை, அது சிரிக்க வைக்கிற பாம்புதான். இளஞ்சிவப்பாக, காற்றடைத்த மாதிரி, கண்ணாடிகளுக்கு நடுவே ஆடிக்கொண்டு நிற்கும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 2011-ல் டிவிடி வந்தபோது கணினியில் புதிதாக ஒரு பாம்பு செய்து, வேண்டுமென்றால் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வசதி கொடுத்தார்கள். புதுப் பாம்பு வழவழப்பாக, பயமாகக்கூட இருக்கிறது. சரி, அதோடு சண்டை தீர்ந்ததா? எனக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தால் தீரவில்லை. கதை பிடிக்காதவர்களுக்குப் புதுப் பாம்பு வந்தும் பிடிக்கவில்லை, பிடித்தவர்களில் சிலர் பழையதே போதும் என்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு பாம்பில் இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: பாம்பு கிடக்கட்டும். காடு என்று காட்டுகிறார்களே, அது தொட்டிச் செடி வைத்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. தரை பளபளக்கிறது! (யாழ்ப்பாண வாசகி)

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உண்மையான பலவீனம் இதுதான். முழுக் கதையும் லண்டன் பிபிசி டெலிவிஷன் சென்டர் ஸ்டூடியோவுக்குள் எடுத்தது, வெளிப்புறப் படப்பிடிப்பே கிடையாது. அந்தக் காலத்தில் ஒரே காட்சியை மூன்று நாலு வீடியோ கேமராக்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும், எல்லாக் கோணத்துக்கும் ஒத்துவர வேண்டுமே என்று வெளிச்சத்தைச் சமமாகக் கொட்டிவிடுவார்கள். அதோடு இரவு பத்து மணி அடித்தால் வேலையை நிறுத்தியாக வேண்டும், நிதானமாக விளக்கை நகர்த்தி நிழல் உண்டாக்க யாருக்கு நேரம்? காட்டுக்கு நிழல்தான் உயிர். அதை எடுத்துவிட்டால் நர்சரித் தோட்டம்தான் மிஞ்சும்.

ஆனால் அதே ஸ்டூடியோ, அதே கஞ்சக் காசு, டாக்டரின் பயணத் தோழி டீகன் காணும் கனவுக்கு வந்தவுடன் வேறு கதையாகிவிடுகிறது. காற்றில் ஆடும் மணிகளுக்கு அடியில் அவள் கண் அயர்கிறாள், கேமரா அவள் கண்ணுக்குள்ளேயே போகிறது, உள்ளே ஒரே கும்மிருட்டு. செட் என்று சொல்ல ஏதும் இல்லை. ஒரு கிழவனும் கிழவியும் உட்கார்ந்து பலகை ஆட்டம் ஆடுகிறார்கள், பக்கத்தில் உலோகத்தில் ஏதோ ஒரு கூடு, அவ்வளவுதான். முகத்தில் பவுடர் அப்பிய ஒருவன் வந்து அவளைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான், கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எதிரிலேயே இன்னொரு டீகன், இரண்டு பேரில் யார் நிஜம் என்று அவளுக்கே தெரியவில்லை. பயமுறுத்த ஒரு பொருள்கூட இல்லாமல் டீகனாக நடித்த ஜேனட் ஃபீல்டிங்கின் முகத்தை மட்டும் வைத்தே இயக்குநர் பீட்டர் கிரிம்வேட் அந்தப் பயத்தைக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு அவள் கையில் படிந்த பாம்பு அடையாளம் இன்னொருவன் கையைப் பிடித்ததும் அவன் கைக்கு ஊர்ந்து போகிறதே, அந்தச் சின்னப் பாம்பைப் பார்த்து யாராவது சிரித்தார்களா? காசு இல்லாதபோது இல்லை என்று ஒப்புக்கொண்ட காட்சிகள் எல்லாம் நின்றுவிட்டன, இருப்பதாகக் காட்டிக்கொண்ட காட்சிகள்தான் பல் இளிக்கின்றன.

முகாமுக்குள் நடக்கும் காட்சிகளும் அப்படித்தான். ஹிண்டில் என்ற இளம் அதிகாரிக்கு, செடிகளும் விதைகளும் தன்னைத் தாக்க வருகின்றன என்று புத்தி பேதலித்துவிடுகிறது. அட்டையில் வெட்டிய மனுஷ பொம்மைகளை வைத்து விளையாடுகிறான், ஒன்று கிழிந்ததும் அதை ஒட்ட முடியாது என்று குழந்தை மாதிரி உடைந்துபோகிறான். சைமன் ரௌஸ் நடித்தது. அந்த அட்டை பொம்மைக்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

கேள்வி: மாரா, துக்கா, அனிக்கா, அனத்தா, கருணா, பன்னா... ஆங்கிலத் தொடரில் பௌத்த அகராதியையே கொட்டியிருக்கிறார்களே, சும்மா பெயருக்கா? (மதுரை வாசகர்)

சும்மா இல்லை. எழுதிய கிறிஸ்டோபர் பெய்லிக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு உண்டு. புத்தரை ஆசை காட்டிக் குலைக்கப் பார்த்த மாரன்தான் இந்த மாரா. பெயரெல்லாம் அன்றைய பிரிட்டிஷ் சிறுவர்களுக்கு வினோத ஒலியாகத்தான் பட்டிருக்கும், நமக்குப் பாதி தெரிந்த சொற்கள். அதற்காக முழுக்கப் பௌத்தக் கதை என்று சொல்லிவிட முடியாது. மரத்தின் மேல் உட்கார்ந்து ஆப்பிளைத் தூக்கிப் போடுகிறாளே டீகன், அது பைபிளின் ஏதேன் தோட்டம். தீமை தன் முகத்தைத் தானே பார்க்கச் சகிக்காது என்று சுற்றிலும் கண்ணாடி வைத்துப் பிடிக்கும் முடிவு எனக்கு ரொம்பவே பிடித்தது, சொதப்பலாக எடுத்திருந்தாலும்கூட.

கேள்வி: அதே தொடரில் அதே ஆண்டில் வந்த 'எர்த்ஷாக்' கதைதான் அசல் அறிவியல் புனைகதை. இது வெறும் தத்துவ நாடகம். (கோவை வாசகர்)

'எர்த்ஷாக்'கில் தொடரின் பழைய எதிரிகளான சைபர்மேன்கள் திரும்ப வந்தார்கள், டாக்டரின் இளம் தோழன் அட்ரிக் செத்தான், விறுவிறுப்பு. முதல் தடவை நானும் மூச்சு விடாமல்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை ஓட்டை தெரிகிறது. நீங்களும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: காலனி ஆதிக்கத்தைக் கிண்டல் செய்கிறது என்று புகழ்கிறீர்கள். ஆனால் பழங்குடியாக நடிப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள், அதிலும் ஊமைகள். இதுவும் அதே பார்வைதானே? (சென்னை வாசகி)

நியாயமான கேள்வி, இதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. கதை எழுத்தில் அவர்களை மட்டமாகக் காட்டவில்லை. கழுத்தில் அவர்கள் அணிந்திருப்பது மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவம், அதாவது முகாம்காரர்கள் 'காட்டுவாசி' என்று நினைப்பவர்களுக்கு முகாம்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. போர்ப் படங்களில் நாயகனாக வந்த ரிச்சர்ட் டாடை ஆய்வுக் குழுவின் விறைப்பான தலைவர் வேடத்தில் போட்டு, கதை நடுவில் அவரைக் குழந்தை மனசுக்காரராக்கிவிடுவதும் வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் திரையில் தெரிவது சாதுவாகத் தலையாட்டும் கூட்டம். எழுத்தில் இருந்த மரியாதை நடிகர் தேர்வுக்கும் உடைக்கும் போய்ச் சேரவில்லை, அதற்குக் காசைக் காரணம் சொல்லவும் முடியாது.

கேள்வி: இதை எழுதியது பாடகி கேட் புஷ் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

ரசிகர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. பெய்லி என்று நிஜமாகவே ஒருவர் இருக்கிறார், அடுத்த ஆண்டே மாராவை வைத்து 'ஸ்னேக்டான்ஸ்' என்று தொடர்ச்சியும் எழுதினார்.

கேள்வி: டாக்டரின் இன்னொரு தோழி நிஸ்ஸா ஏன் தலையைக் காட்டிவிட்டுக் காணாமல் போகிறாள்? (கண்டி வாசகர்)

அந்தப் பாத்திரத்தைத் தொடரில் நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவாவதற்கு முன்பே கதை வளரத் தொடங்கிவிட்டது, அதில் அவளுக்கு இடமில்லை. அதனால் முந்தைய கதையின் முடிவில் மயங்கி விழ வைத்து, இதில் டாக்டரின் கால யந்திரமான டார்டிஸுக்குள் தூங்க அனுப்பிவிட்டார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம், அவ்வளவுதான் நிஸ்ஸாவாக நடித்த சாரா சட்டனுக்கு வேலை.